ஒருவருக்கு வந்தால் எல்லாருக்கும் வருமா?

ஓசூர்ப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளிலும், சிப்காட் தொழிற்பேட்டையின் வாயில்களிலும், தேன்கனிக்கோட்டைச் சாலையோரம் பெருகிவிட்ட தங்கும் விடுதிகளிலும் ஓர் அபிப்பிராயம், விவாதத்துக்கே இடமில்லாத சித்தாந்தம் போல வழங்கி வருகிறது. "ஒருத்தருக்கு வந்துட்டா வீட்ல எல்லாருக்கும் வந்தே தீரும், இதுல தனிமையாவது, மண்ணாவது!" என்பதே அது. கோவிட் காலத்தில் பிறந்த இவ்வாக்கு அந்நோயின் உக்கிரம் தணிந்த பின்னும் சாகவில்லை. இன்றும் ஃப்ளூ ஜுரம் பரவும் மாதங்களில் இதையே வேதவாக்காகக் கொண்டு, ஜுரக்காரரின் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுப்பவர்கள் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் கலந்து புழங்கும் இவ்வெல்லைப் பிரதேசத்தில் நான்கு பாஷையிலும் இதைக் கேட்கலாம். நான்கு பாஷையில் சொல்லப்பட்டாலும் பிழை பிழைதான்.

இவ்வாதத்தைப் பேசுவோர் முதலில் காட்டும் ஆதாரம் பிரத்தியட்ச அனுபவம். "எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஐந்து பேரும் விழுந்தார்கள், கண்ணாரக் கண்டோம்" என்பார்கள். கண்டது மெய்யாகவே இருக்கட்டும். ஆனால் ஐவரும் படுத்த வீடு தெரு முழுவதும் பேசப்படுகிறது. ஒருவர் மட்டும் படுத்து, மற்ற நால்வரும் வழக்கம்போல் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வந்த வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது? பேச்சில் அடிபடாத வீடுகளையும் சேர்த்து எண்ணினாலன்றி உண்மை புலப்படாது.

அப்படி எண்ணிப் பார்த்தவர்கள் நம் மாநிலத்திலேயே இருந்தார்கள் என்பதுதான் இதில் விசேஷம். 2020ஆம் ஆண்டில் தமிழகத்திலும் ஆந்திரத்திலும் சுகாதாரத் துறை ஊழியர்கள், ஒவ்வொரு நோயாளியும் யார் யாரோடு பழகினார் என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எழுதி, அப்பட்டியலில் இருந்தோருக்குப் பரிசோதனையும் செய்தார்கள். அக்குறிப்புகளை ரமணன் லட்சுமிநாராயண் தலைமையிலான ஆய்வாளர்கள் திரட்டி ஆராய்ந்து, அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் தேதி 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டனர். 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்புற்ற 5,75,071 பேர் என்னும் இத்தனை பெரிய கணக்கு அதுவரை உலகில் வேறெங்கும் எடுக்கப்பட்டிருக்கவில்லை. அதில் கண்டது என்ன? அதிக அபாயமுள்ள நெருங்கிய தொடர்பாளர்களுள் தொற்றியது நூற்றுக்கு 10.7 பேருக்கு, அபாயம் குறைந்த தொடர்பாளர்களுள் 4.7 பேருக்கு. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களைத் தனியே மதிப்பிட்டபோதும் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேர்தான். 'வந்தே தீரும்' என்ற வாக்கு இந்த எண்களின் முன்னே எப்படி நிற்கும்?

எதிர்வாதிக்கு உரிய நியாயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பரிசோதனையில் சிக்காமல் நழுவியவர்கள் இருந்திருப்பர். அது ஊரடங்குக் காலம். கிருமியும் ஆரம்ப காலத்துக் கிருமி. பல தேசத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வீட்டுத் தொற்று நூற்றுக்கு 16.6 ஆகவும், பின்னர் ஒமைக்ரான் உருவெடுத்த காலத்தில் 42.7 ஆகவும் கணிக்கப்பட்டது. ஆகவே அபாயம் அற்பமென்று நான் சாதிக்கவில்லை. ஆயினும், எல்லாவற்றிலும் வேகமாகப் பரவிய அந்த ஒமைக்ரானிலும் வீட்டிலிருந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தப்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாரையும் வாரிச் சுருட்டும் நோய் ஒன்று வேண்டுமானால் தட்டம்மையைச் சொல்லலாம். எதிர்ப்புச் சக்தியற்றவர் அருகிலிருந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது தொற்றும். அந்தத் தட்டம்மையின் ஜாதகத்தைத்தான் நம்மவர்கள் எல்லா ஜுரத்துக்கும் எழுதிவிட்டார்கள்.

இரண்டாவதாக, நோயுற்றவர் எவராயினும் ஒரே அளவில் பரப்புவார் என்ற எண்ணம் இவ்வாதத்தின் அடியில் சொல்லாமலே கிடக்கிறது. மேற்சொன்ன ஆய்வில் நோயாளிகளுள் நூற்றுக்கு எழுபது பேர், தம் தொடர்பாளர்களில் ஒருவருக்கேனும் கொடுத்ததாகத் தெரியவில்லை. எட்டுப் பேரோ, கண்டறியப்பட்ட புதிய தொற்றுகளில் அறுபது சதவீதத்துக்குக் காரணமாயிருந்தனர். அந்த எட்டுப் பேர் மகாபாவிகள் அல்லர். அவர்கள் எந்த நாளில், எந்த அறையில், எத்தனை பேர் நடுவில் இருக்க நேர்ந்தது என்பதும் இதில் பெரும்பங்கு வகிக்கும் விஷயம். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மூடிய மண்டபத்தில் கூடிச் சேர்ந்திசைப் பயிற்சி செய்த 61 பேரில், நோய்க்குறியோடு வந்ததாகக் கருதப்படும் ஒருவரையும் சேர்த்து 53 பேர் ஒரே மாலையின் விளைவாக நோயுற்றனர். அதே ஆண்டு 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த 3,711 பேரிலோ தொற்றியது 712 பேருக்குத்தான்.

இனி, வீட்டாரிடம்தான் அபாயம், வழிப்பயணத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்பார்க்குப் பதில் சொல்ல வேண்டும். நம் ஊருக்கு மிகவும் வேண்டிய சேதி இதுவே. முன்சொன்ன தமிழக-ஆந்திர ஆய்வில், நோயாளியோடு ஒரே வாகனத்தில், அவருக்கு அருகே, ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ பிரயாணம் செய்தவர்களுள் தொற்றியது நூற்றுக்கு ஏறத்தாழ 79 பேருக்கு! ஆராயப்பட்டவர்கள் 78 பேரே ஆதலால் இந்த எண்ணைத் துல்லியமாகக் கொள்ளலாகாது. ஐம்பத்து மூன்றாகவும் இருக்கலாம், தொண்ணூற்றேழாகவும் இருக்கலாம். குறைந்தபட்சத்தையே எடுத்தாலும் வீட்டைப் போல ஐந்து மடங்குக்கு மேல் என்பது தெளிவு.

கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்திலுள்ள ஓசூரில், மார்கழி மாதத்து விடியற்காலையில், சூளகிரியிலிருந்தோ ராயக்கோட்டையிலிருந்தோ முதல் ஷிப்டுக்கு ஆளேற்றி வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். மஃப்ளரும் குரங்குக் குல்லாயுமாக ஐம்பது பேர். ஒரு ஜன்னலும் விரற்கடை அளவுகூடத் திறந்திராது. கண்ணாடியெங்கும் மூச்சின் ஈரம் படிந்து கோடு கோடாக வழியும். எவரேனும் ஒருவர் சற்றே திறந்தால் "சாத்துப்பா, குளிருது" என்று பின்னாலிருந்து குரல் எழும். அந்த ஈரம் ஐம்பது பேருடைய நெஞ்சிலிருந்தும் வந்தது. பயணம் ஆறு மணி நேரமன்று, ஒரு மணி நேரம்தான் என்பது மெய். ஆனால் அது தினந்தோறும் இரண்டு வேளை நடக்கிறது. விடுதி அறைகளில் இரட்டைக் கட்டில்களில் உறங்கும் இளந்தொழிலாளர்களோ பெரும்பாலும் ஒரே வயதினர். ஒத்த வயதினரிடையே தொற்று மிகுதி என்பதையும் அதே ஆய்வு காட்டியிருக்கிறது.

தொட்டால்தான் ஒட்டும் என்ற பழைய பயத்துக்கு நெடிய பதில் தேவையில்லை. கிருமி படிந்த பொருளை ஒருமுறை தொடுவதால் நேரும் அபாயம் பதினாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவென்று 2021இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே மதிப்பிட்டுவிட்டது. சாலையெங்கும் தெளித்த பிளீச்சிங் பவுடர் சாலையைச் சுத்தமாக்கியிருக்கும்.

வெளியாள்தான் கொண்டுவருகிறான் என்ற குற்றச்சாட்டு இதனினும் விபரீதமானது. 2020 ஏப்ரல் இறுதியில் மத்திய சுகாதாரத் துறை வெளியிட்ட பட்டியலில், தமிழகத்தில் தொற்று இல்லாத ஒரே பச்சை மண்டலமாக நின்றது நம் கிருஷ்ணகிரி மாவட்டம். அத்திப்பள்ளிக்கு இப்பால் ஜூஜூவாடியில் காவல் நின்றது. இ-பாஸ் இன்றி எவரும் எல்லை கடக்க இயலவில்லை. இருந்தும் மே முதல் வாரத்திலேயே பச்சை நிறம் போயிற்று. எல்லைக்காவல் நோயைச் சில நாட்கள் தாமதப்படுத்தலாம். உள்ளே வந்த பிறகு அது பிகாரி என்றும் தமிழன் என்றும் பேதம் பார்ப்பதில்லை. ஒரு சிற்றறையில் எட்டுப் பேரைக் குடிவைத்து வாடகை வாங்குபவர் யார் என்று கேட்பதே பொருத்தமான கேள்வி.

கடைசியாக, இருமும்போது ஒதுங்கினால் போதும் என்கிறார்கள். கோவிட் கிருமி, குறிகள் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கி, ஜுரத்தின் முதல் நாட்களில் உச்சத்தில் நிற்பது. ஆகவே உடம்பு கனக்கிறது, தொண்டை அறுக்கிறது என்று தோன்றிய முதல் நாளே வீட்டிலிருப்பதற்குத்தான் மதிப்பு அதிகம். காண்ட்ராக்ட் தொழிலாளி அப்படி இருக்க முடியுமா? ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் புதிதாக நோயுற்றவருக்கு முதல் இரண்டு நாட்களுக்கு அது கிடையாது என்பது அத்திட்டத்தில் நெடுங்காலமாக உள்ள விதி. தொற்று மிகுந்த நாட்களில் கூலி இல்லை. தணிந்த நாட்களில் உண்டு. பாரசிட்டமாலை விழுங்கிவிட்டு அவர் அந்த மூடிய பஸ்ஸில் ஏறுவதை விதியின் விளையாட்டென்று சொல்வது அநியாயம்.

தொழிற்சாலை நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை: ஜுரத்தின் முதல் இரண்டு நாள் சம்பளத்தை நீங்களே கொடுங்கள், கம்பெனி பஸ்ஸில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு ஜன்னல்களையாவது, குளிர்ந்தாலும் பரவாயில்லை, திறந்து வைக்கச் சொல்லுங்கள்.