அந்த அரை மணி நேரம் யாருடையது?

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்ணைப் பார்த்ததும் ஊருக்கே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "எக்சர்சைஸ் எல்லாம் ஒழுங்காப் பண்றியாம்மா?" நாத்தனார் கேட்பார், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் கேட்பார், கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையில் இருக்கும் முன்பின் தெரியாதவரும் கேட்பார். இல்லை என்று சொன்னால் தீர்ப்பு தயாராக இருக்கும்: "உனக்கு மோட்டிவேஷன் பத்தல."

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு 'ஸ்லீவ்' முறையில் என் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்தார்கள். அன்றிலிருந்து இந்தத் தீர்ப்பு என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு பெண் மயக்க மருந்துக்கும் கத்திக்கும் உடலைக் கொடுக்கிறாள். வாரக்கணக்கில் நீராகாரத்திலும் கூழிலும் காலம் தள்ளுகிறாள். ஆயுள் முழுக்க வைட்டமின் மாத்திரை விழுங்கச் சம்மதிக்கிறாள். அவளைப் பார்த்துத்தான் மன உறுதி போதாது என்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்தத் தீர்ப்புக்கு எதிரான என் மேல்முறையீடு.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டியது. ஒரு நாளுக்கு வகுத்தால் சுமார் 22 நிமிடம். அதுகூடவா கிடைக்காது என்று கேட்பவர்களுக்கு மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைக் காட்டுகிறேன். 2019இல் ஊதியமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் அது 289 ஆகவும் 88 ஆகவும் ஆனது. ஐந்து ஆண்டுகளில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களும் சும்மா இருக்கவில்லை, தங்கள் பங்கில் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள். இதுவும் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரிதான். கைவைக்காதவர்கள் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் தனிக் கணக்கு.

இங்கே ஒரு குரல் கட்டாயம் எழும். "வீட்டு வேலையே பெரிய எக்சர்சைஸ்தானே? அந்தக் காலத்துல அம்மியில அரைச்சாங்க, ஆட்டுக்கல்லுல ஆட்டினாங்க, எந்த ஜிம்முக்குப் போனாங்க?" அம்மியில் அரைத்த என் பாட்டிக்கு அறுபது வயதில் முதுகு நிமிரவில்லை. அதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. உடற்பயிற்சி என்பது நானே தேர்ந்து, அளவு வைத்து, மெல்ல மெல்லச் சுமையைக் கூட்டி, நடுவில் ஓய்வு எடுத்துச் செய்வது. வலித்தால் நிறுத்தலாம். மாவு வாளியைத் தூக்கும்போது வலித்தால் நிறுத்த முடியுமா? அறுவைக்குப் பிறகு சில வாரங்கள் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்துக்கு அது தெரியாது. பன்னிரண்டாம் நாள் அது என் இடுப்பில் இருந்தது. வீட்டு வேலை உழைப்பு. அதற்கு உடற்பயிற்சி என்று பெயர் சூட்டுவது, பகிர்ந்துகொள்ளாமல் இருக்கச் சொல்லும் சாக்கு.

அடுத்தது தட்டு. எடை வேகமாகக் குறையும்போது கொழுப்பு மட்டும் போவதில்லை. தசையும் சேர்ந்து கரைகிறது, எலும்பின் அடர்த்தியும் குறைகிறது. அதைக் குறைக்க இரண்டு முக்கிய வழிகள் கைவசம் உள்ளன: தசைக்கு வேலை கொடுப்பது, புரதம் சாப்பிடுவது. நாளுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம்தான் இருக்கிறது. இரண்டு இட்லியிலேயே நிறைந்துவிடும் வயிற்றில் முதலில் முட்டை, மீன், பருப்பு, பனீர், சுண்டல் போக வேண்டும்; சோறு பிறகுதான். ஆனால் நம் வீடுகளில் பெண் கடைசியில் சாப்பிடுகிறாள். மீன் குழம்பில் மீன் தீர்ந்து குழம்பு மட்டும் மிஞ்சும் நேரம் அது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் பத்தில் நான்கு பெண்கள் அதிக எடையோடு இருக்கிறார்கள். தட்டு நிறைந்தும் சத்துக் குறைந்தும் வாழும் உடல்கள் நம்முடையவை. ரத்தம் குறைந்து மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவளிடம் போய் ஊக்கத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறார்கள்.

மூன்றாவது தெரு. விடியற்காலையில் நடக்கலாம் என்றால் விளக்கு எரியாத சாலை, கடைகள் விழுங்கிவிட்ட நடைபாதை, துரத்தும் நாய்கள், பைக்கில் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்க்கும் ஆண்கள். குண்டாக இருந்தபோது கேலி செய்த அதே வாய், இளைத்தபின் வேறு மாதிரி பேசியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள்கூட இந்தத் தெருவில் நான் வெறுமனே நடந்துபோகும் மனுஷியாக இருந்ததில்லை.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட நம்மைத் தோற்கடிப்பது நமக்குக் கொடுக்கப்பட்ட இலக்குதான். அறுவைக்கு முன் என் எடை 108 கிலோ. பதினான்கு மாதங்களில் 71. ஒவ்வொரு சந்திப்பிலும் என்னைத் தராசில் ஏற்றினார்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்று ஒரு முறையும் கேட்கவில்லை. பிறகு எடை நின்றது. மூன்றாம் ஆண்டில் ஐந்து கிலோ திரும்பி வந்தது. இது பலருக்கும் நடப்பதுதான். இழந்த எடையைத் திரும்பப் பெற உடல் தன் வழியில் போராடுகிறது. இரைப்பையை வெட்டும்போது பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் பகுதியும் பெருமளவு போய்விடுகிறது. ஆனாலும் பசி முழுதாக ஓய்வதில்லை. இந்த உடற்கூற்று உண்மையைச் சொல்லாமல், சோம்பேறிப் பட்டம் கட்டினார்கள். "ஆபரேஷன் பண்ணியும் இப்படியா?" என்றார்கள். குறைந்தபோது குறுக்குவழி, கூடியபோது என் குற்றம்.

உடற்பயிற்சியால் மட்டும் கூடுதலாகக் குறையும் எடை சொற்பம்தான். எடைக்காக நடப்பவள், முள் நின்ற நாளில் நடையையும் நிறுத்துவாள். அவளுடைய ஊக்கம் வற்றியதாக அதைச் சொல்லக் கூடாது. அவளுக்குக் கொடுத்த காரணம் பொய்த்துவிட்டது, அவ்வளவுதான். தசையும் எலும்பும் காரணமாக இருந்தால் முள் நின்றாலும் வேலை நிற்காது. எழுபது வயதில் யார் தோளையும் பிடிக்காமல் பேருந்துப் படி ஏற வேண்டும். குளியலறையில் வழுக்கினால் எலும்பு தாங்க வேண்டும். எனக்கு இப்போது இந்த இலக்கு போதும். கல்யாண ஆல்பத்தில் ஒல்லியாகத் தெரிவதற்காக நான் ஒரு படிகூட ஏறத் தயாரில்லை.

இன்று செவ்வாய், வெள்ளி மாலை ஏழிலிருந்து ஏழரை வரை எங்கள் வீட்டு அடுப்பு என் பொறுப்பில் இல்லை. சுவரில் கையூன்றித் தள்ளுகிறேன், நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறேன், இரண்டு கைகளிலும் தண்ணீர் பாட்டில்களைத் தூக்குகிறேன். மற்ற நாட்களில் மாடி வீட்டுப் பெண்கள் இருவரோடு நடை. முதல் மாதம் கணவர் ஊற்றிய தோசை கருகியது. சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை. இந்த ஏற்பாட்டுக்கு முன்பு நான் கேட்ட ஊக்கப் பேச்சுகள் ஏராளம். அவற்றில் ஒன்றாவது ஒரு தோசையைத் திருப்பிப் போட்டதா?

ஆகவே கேட்கிறேன். மருத்துவர்களே, தராசோடு சேர்த்து எங்கள் பலத்தையும் அளந்து பாருங்கள். அறுவைக்குக் கையெழுத்து வாங்கக் கணவரையும் கூப்பிடுகிறீர்களே, அறுவைக்குப் பின் சமையலும் தண்ணீர்க் குடமும் யார் பொறுப்பு என்பதையும் அதே மேசையில் பேசுங்கள். உள்ளாட்சி அமைப்புகளே, விளக்கும் நடைபாதையும் பூங்காவில் சுத்தமான கழிப்பறையும் கொடுங்கள். தோழிகளே, முட்டையை முதலில் உங்கள் தட்டில் வையுங்கள்; அரை மணி நேரத்தை யாரிடமும் அனுமதி கேட்காமல் எடுங்கள், குற்ற உணர்வு தானாகப் பழகி அடங்கும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்தான். "எக்சர்சைஸ் பண்றியா?" என்று இனிக் கேட்பதாக இருந்தால், அந்த நேரத்தில் அடுப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.