நோவைத் தாங்கிறது வீரம் இல்லை

முழங்கால் மூட்டு மாத்தின அம்மம்மாவைப் பார்க்கப் போறவை எல்லாரும் சொல்லிப்போட்டு வாற வசனம் ஒண்டு இருக்கு: “கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருங்கோ, எல்லாம் சரிவரும்.” தயவுசெய்து இதை இனியாவது நிப்பாட்டுவம்.

மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையில் தேய்ந்த எலும்பு முனைகளை வெட்டி, உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்துகிறார்கள். அதோடு வேலை முடியாது. அன்றைக்கோ அடுத்த நாளோ எழும்பி நடக்கவேணும், காலை மடக்கி நீட்டப் பழகவேணும். நோவுக்குப் பயந்து அசையாமல் கிடந்தால் மூட்டு இறுகிப்போகும், கால் நாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். நோவைக் குறைச்சால்தான் நடக்க ஏலும்.

ஆனால் ‘மோர்பின்’ எண்ட பேரைக் கேட்டாலே எங்கட வீடுகளில் நடுக்கம். ஹெரோயின் ஊருக்குள்ள வந்து நிக்கிற காலத்தில் அந்தப் பயத்தைப் பகிடி பண்ண ஏலாது. அமெரிக்காவைப் பாருங்கோ. 1996இல் பேர்டியூ பார்மா ஒக்சிகொன்டினைச் சந்தைக்கு விட்டது. அடிமையாக்கும் ஆபத்து குறைவு எண்டு டொக்டர்மாரை நம்பவைத்தது. அது பொய் விளம்பரம் என்பதை 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 1999 தொடக்கம் 2021 வரை அங்கே ஓபியொயிட் வகை மருந்துகளாலும் போதைப்பொருட்களாலும் இறந்தவர்கள் 6 இலட்சத்துக்கும் மேல்.

இதைக் காட்டி “மருந்தே வேண்டாம்” என்பது சோம்பேறித்தனமான முடிவு. உலகில் ஒரு வருடத்துக்கு விநியோகமாகும் ஏறத்தாழ 300 தொன் ஓபியொயிட் மருந்தில் மிக வறிய நாடுகளுக்குக் கிடைப்பது 0.1 தொன் என்று 2017இல் லான்செட் ஆணைக்குழு சொன்னது. ஒரு பக்கம் அள்ளிக் கொடுத்துக் கொல்லுகினம், மற்றப் பக்கம் கொடுக்காமல் துடிக்க விடுகினம்.

சரியான வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கு. நேரத்துக்குப் பரசிற்றமோல். வயிறும் சிறுநீரகமும் இடங்கொடுத்தால் வீக்கம் குறைக்கும் குளிசை. நரம்பைச் சுற்றிப் போடும் விறைப்பூசி. ஐஸ் ஒத்தடம். அதற்கும் மிஞ்சின நோவுக்கு, குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும் ஓபியொயிட். அதுக்கும் விலை உண்டு: மலச்சிக்கல், சத்தி, தலைச்சுற்று. தலைச்சுற்றினால் வயதானவர் விழுவார். அளவு கூடினால் மூச்சே மந்தமாகும். அதனால் கூட்டுறதும் குறைக்கிறதும் வீட்டில் எடுக்கிற முடிவு இல்லை.

முழங்கால் தேய்வு கூடுதலாக வருவது பெண்களுக்கு. பொறுமை எண்ட பாடத்தைக் கூடப் படிச்சவையும் அவைதான். “நோகுதோ?” எண்டால் “இல்லையப்பு” எண்டுதான் பதில் வரும். “இரவு நித்திரை வந்ததோ? கக்கூசுக்கு நடக்க ஏலுமோ?” எண்டு கேளுங்கோ, உண்மை வரும்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடேக்க டொக்டரிட்டயும் கேளுங்கோ: எந்தக் குளிசை, எத்தனை நாளைக்கு, எப்ப குறைக்கிறது, மிஞ்சினதை எங்க குடுக்கிறது? இங்கிலிஸ் தெரிஞ்ச, போனில் தேடத் தெரிஞ்ச பேரப்பிள்ளையள் நாங்கள். இதைக் கேக்கிறது எங்கட வேலை.