வீட்டுத் தையல் மெஷின்கள் ஹை வோல்டேஜில் எரிவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்: வீட்டுத் தையல் தொழிலாளர் பெண்கள் சங்கத்தினர்

பெறுநர்: செயற்பொறியாளர் அவர்கள், இயக்கமும் பராமரிப்பும், மின் பகிர்மானக் கோட்டம்

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மாவட்ட சமூக நல அலுவலர் அவர்கள்

பொருள்: தாழ்வழுத்த மின்பாதைகளில் நியூட்ரல் கம்பியைச் சீரமைத்தல், எரிந்த கருவிகளுக்கு இழப்பீடு வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் சங்கத்தினர் பனியன் கம்பெனியிலிருந்து பீஸ் எடுத்து வந்து வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவர்கள். அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைப்பவர்கள். மிதி மெஷின் காலம் போய்விட்டது. இன்று பலரிடம் இருப்பது சர்வோ மோட்டார் பூட்டிய பவர் மெஷினும் ஓவர்லாக்கும். சிலர் கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினும் போட்டிருக்கிறார்கள். சமூக நலத் துறையின் சத்தியவாணிமுத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் மெஷின் பெற்று, அதில் மோட்டார் பூட்டிக்கொண்டவர்களும் உண்டு.

கடந்த ஐப்பசி மழையில் ஒரு தெருவில் நடந்ததைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். விளக்கு வைக்கும் நேரம். ஒரு வீட்டில் டியூப் லைட் மங்கித் துடித்தது. எதிர்வீட்டில் பல்பு கண் கூச எரிந்து வெடித்தது. எங்கள் உறுப்பினர் ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் மோட்டாரின் கண்ட்ரோல் பாக்ஸிலிருந்து புகை வந்துவிட்டது. மறுநாள் கொடுக்க வேண்டிய கட்டு பாதியில் நின்றது. அதை வேறொருவரிடம் தைத்து வாங்கி, கூலியையும் அவருக்கே கொடுத்தார். கம்பத்தில் ஏறிய லைன்மேன் கண்டது, கிளாம்ப் இல்லாமல் கையால் முறுக்கிவிட்ட நியூட்ரல் ஜாயிண்ட். வெள்ளையாகப் பூத்து, விட்டுப்போயிருந்தது. மழையில் நனைந்தபடி அதைச் சரிசெய்த அந்தத் தொழிலாளி மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த ஜாயிண்டை மழைக்கு முன்பே யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எங்கள் குறை.

வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். மூன்று பேஸ்களுக்கும் பொதுவான நியூட்ரல் விட்டுப்போனால், லோடு குறைந்த பேஸில் வோல்டேஜ் 400-ஐ நெருங்கும் அளவுக்கு ஏறலாம் என்பது தாங்கள் அறிந்ததே. எம்.சி.பி. இதைத் தடுக்காது, கரண்ட் அதிகமானால்தான் அது விழும். ஸ்பைக் பாக்ஸ் வாங்கி வைத்தவர்களும் தப்பவில்லை. அதிலுள்ள வேரிஸ்டர் கண நேரத்தில் வந்துபோகும் அதிர்வைத்தான் தாங்கும். நிமிடக்கணக்கில் நிற்கும் ஹை வோல்டேஜில் அதுவே எரிந்துபோகும். ஆகவே "நீங்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்" என்ற பதிலை எங்களால் ஏற்க முடியவில்லை.

எங்கள் தலையாய கோரிக்கை இதுதான். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் அதன் தாழ்வழுத்தப் பாதையிலும் நியூட்ரல் ஜாயிண்டுகளைச் சோதிக்க வேண்டும். முறுக்கிவிட்டவற்றை அகற்றி முறையான கிளாம்ப் போட வேண்டும். நியூட்ரல் எர்த்தின் மின்தடையை அளந்து, அளவு கூடியிருந்தால் எர்த் குழியைப் புதுப்பிக்க வேண்டும். சோதித்த தேதியைப் பிரிவு அலுவலகப் பலகையில் எழுதி வைத்தால் நாங்களே பார்த்துக்கொள்வோம். கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவதும் இதோடு சேர்ந்து நடக்கட்டும்.

அடுத்தது இழப்பீடு. சேவைத் தரத்தில் தவறினால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது மின்சாரச் சட்டம் 2003-ன் 57ஆவது பிரிவு. மெஷின் எரிந்தால் யாரிடம், எந்தப் படிவத்தில், எத்தனை நாளுக்குள் விண்ணப்பிப்பது என்று கேட்டால் எங்களுக்கு விடை கிடைப்பதில்லை. நியூட்ரல் விட்டுப்போனதால் சேதம் என்று லைன்மேன் பதிவு செய்தாலே போதும், அதை ஆதாரமாக ஏற்று இழப்பீடு வழங்க வேண்டும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறோம்: வீட்டு இணைப்பில் தைக்கிறாயா என்று கேட்டு அபராதம் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் பல பெண்கள் புகார் கொடுப்பதே இல்லை. ஒற்றை மெஷின் வைத்துப் பிழைப்பவர்களுக்கு அப்படி நேராது என்று தாங்கள் எழுத்துமூலம் தெளிவுபடுத்தினால் பெரிய உதவியாக இருக்கும்.

சமூக நல அலுவலர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இலவச மெஷினோடு, வோல்டேஜ் ஏறினால் இணைப்பைத் துண்டிக்கும் கட்-ஆஃப் கருவி ஒன்றையும் வழங்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும். போர்டு எரிந்த மெஷின் மூலையில் கிடக்கும்போது அந்தத் திட்டத்தின் பலனும் அங்கேயே நின்றுவிடுகிறது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன், நியூட்ரல் ஆய்வு எந்தத் தேதியில், எந்த டிரான்ஸ்பார்மரில் தொடங்கும் என்பதை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவி, செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்