விதைப் பாக்கெட்டில் உள்ள தேதி செல்போன் பெட்டியில் ஏன் இல்லை?

2025 நவம்பர் 28 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு புதிய செல்போனிலும் அரசின் 'சஞ்சார் சாத்தி' செயலி 90 நாட்களுக்குள் இருந்தாக வேண்டும். அதை நிறைவேற்றியதற்கான அறிக்கை 120 நாட்களுக்குள் வந்தாக வேண்டும். எதிர்ப்பு கிளம்பியதும், டிசம்பர் 3 அன்று கட்டாயம் இல்லை என்று அரசு பின்வாங்கியது. அந்தரங்க உரிமை பற்றி அந்த வாரத்திலேயே நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு உறைத்தது வேறு. உலகத்தின் மிகப் பெரிய செல்போன் நிறுவனங்களைக்கூட மூன்று மாதக் கெடு வைத்து வேலை வாங்கும் அதிகாரம் நம் அரசிடம் இருக்கிறது. காசு கொடுத்துப் போன் வாங்குகிறவருக்காக அந்த அதிகாரத்தை ஏன் எடுக்கவில்லை?

தேனி மாவட்டப் பண்ணைப்புரத்தில் விடியும் முன்பே ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களில் என் பெரியம்மா மகளான அக்காளும் ஒருத்தி. மகளிர் குழுவில் கடன் எடுத்து, பக்கத்து ஊர் செல்கடை ஒன்றில் 13,500 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினாள். "ஃபைவ் ஜி எல்லாம் நமக்கு எதுக்குக்கா? எம்.ஆர்.பி. பாருங்க, பதினாறாயிரத்துத் தொள்ளாயிரம். உங்களுக்காகத்தான் குறைச்சுத் தாரேன். பேக் கவரும் டெம்பர் கிளாஸும் ஃப்ரீ" என்றானாம் கடைக்காரன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தான்.

பெட்டியை நான் வாங்கிப் பார்த்தேன். அடிப்பக்கத்து ஸ்டிக்கரில், எறும்பு அளவு எழுத்தில், தயாரித்த ஆண்டு 2022. போனின் செட்டிங்ஸில் பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்தத் தேதியில் நிற்கிறது என்று தேடினால் 2023. 'அப்டேட் இருக்கிறதா' என்ற பொத்தானை அழுத்தினால், 'உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது' என்று திரையில் வருகிறது. நிறுவனம் எப்போதோ கைகழுவிவிட்ட போன் அது. அதன் திரையே அப்படிச் சொன்னால், ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் எதை வைத்துச் சந்தேகப்படுவாள்?

இதில் சட்டப்படி என்ன குற்றம் என்று கேட்டால், கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால் குற்றம். எம்.ஆர்.பி.யை எவ்வளவு உயரத்தில் அச்சிடலாம் என்பதற்கு வரம்பு கிடையாது. சரக்கு பழசாகிப் பாதி விலைக்குக்கூடப் பெறாது என்ற நிலை வந்தாலும் பெட்டியில் உள்ள எண் இறங்காது. 1990-இல் வாங்குகிறவரைக் காப்பதற்காக வந்த அந்த எண்தான் இன்று கடைக்காரன் தள்ளுபடி காட்டும் கருவி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும் அப்படியே சொல்கிறது. ஆனால் இந்தப் போன் பழுதில்லை. அழைப்பு போகிறது, படம் எடுக்கிறது. ஆயுள் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆயுள் என்ற ஒன்றே நம் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

இந்த இடத்தில் நான் எப்போதும் சொல்வதைச் சொல்கிறேன். விதைப் பாக்கெட்டைப் பாருங்கள்.

லோயர்கேம்ப்பில் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளையும் பள்ளத்தாக்கு எங்களுடையது. இங்கே விதை நெல் மூட்டையில் அட்டை இல்லாமல் யாரும் வாங்குவதில்லை. ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. அதில் பயிர், ரகம், குவியல் எண், முளைப்புத் திறன், புறத்தூய்மை, பரிசோதித்த நாள், காலாவதி நாள் எல்லாம் இருக்க வேண்டும். நெல் என்றால் நூறு விதையில் குறைந்தது எண்பது முளைக்க வேண்டும். பரிசோதித்த நாளில் இருந்து ஒன்பது மாதம்தான் சான்று விதையின் கெடு. அதற்குப் பிறகும் விற்க வேண்டுமானால் மறுபடி பரிசோதித்து, முளைப்பைக் காட்டி, கெடுவை நீட்டிக்க வேண்டும். விதை ஆய்வாளர் எந்தக் கடையிலும் நுழையலாம், மாதிரி எடுக்கலாம், சந்தேகம் இருந்தால் விற்பனையை நிறுத்தி வைக்கலாம்.

இதெல்லாம் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொடை. நாடு சாப்பாட்டுக்கே அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த காலம் அது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகள்தான் அன்று அதிகம். அவர்களிடம் போய், 'விவரம் தெரிந்து பார்த்து வாங்குங்கள்' என்று அரசு சொல்லவில்லை. விதையின் உயிர் கண்ணுக்குத் தெரியாது, விதைத்த பிறகுதான் தெரியும், அப்போது பருவமே போய்விடும் என்பதைப் புரிந்துகொண்டு, தெரிந்தவன் எழுதி ஒட்ட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். செல்போனின் உயிரும் கண்ணுக்குத் தெரியாததுதான். எந்த மாதத்தோடு பாதுகாப்புப் புதுப்பிப்பு நிற்கும் என்பது தயாரிக்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. சில நூறு ரூபாய் விதை மூட்டைக்கு ஏழு விவரம் கேட்கிற அரசு, பதிமூன்றாயிரம் ரூபாய் போனுக்கு அந்த ஒரு தேதியைக் கேட்கவில்லை.

போன் வசதிக்காரர் சமாச்சாரம் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அதை ஏழை கையில் திணித்ததே அரசு. நூறு நாள் வேலைத் தளத்தில் செயலியில் படம் எடுத்து வருகைப் பதிவு போடுவது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. பி.எம். கிசான் பணத்துக்கான சரிபார்ப்பை முகத்தைக் காட்டி முடிக்கும் வசதி 2023 ஜூனில் வந்தது. அங்கன்வாடியில் வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துணவுக்கு, 2025 ஜூலை 1 முதல் தாய்மார்களின் முகத்தைப் போனில் பதிவு செய்ய வேண்டும். 2021-இல் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள், அரசு கொடுத்த 2 ஜி.பி. போன்கள் வேலைக்கு ஆகவில்லை என்று திருப்பிக் கொடுத்துப் போராடியது நினைவிருக்கும். அரசே மொத்தமாக வாங்கியதற்கு அந்தக் கதி என்றால், ஒற்றை ஆளாகக் கடைக்குப் போகிறவள் கதி என்ன?

வரி விஷயத்தில் மட்டும் அரசுக்கு நினைவு நன்றாக இருக்கிறது. செல்போனுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யை 2020 ஏப்ரல் 1 முதல் 18 ஆக்கினார்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஏ.சி.க்கும் பெரிய டி.வி.க்கும் வரியைக் குறைத்தார்கள், செல்போனைத் தொடவில்லை. ஏலக்காய் எடுக்கிறவள் வீட்டில் ஏ.சி. இல்லை, போன்தான் இருக்கிறது. போதாததற்கு, ஏ.ஐ. தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் இருந்து புதிய போன்கள் விலை ஏறியிருக்கின்றன. புதுசு விலை ஏறும்போதுதான் அலமாரியில் தூங்கிய பழைய சரக்குக்கு மவுசு வரும்.

செய்ய முடியாத காரியமா இது? பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புப் புதுப்பிப்பு குறைந்தது எதுவரை கிடைக்கும் என்பதை நிறுவனம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு, ஏழு ஆண்டுகளுக்கு உதிரிப் பாகம், 800 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் 80 சதவீதம் தாங்கும் பேட்டரி. அங்கே விற்கும் நிறுவனங்களில் பல இங்கேயும் விற்கின்றன. அங்கே சட்டத்துக்குக் கட்டுப்படும் நிறுவனம் இங்கே வாய் மூடிக்கொள்வதற்கு ஒரே காரணம், இங்கே யாரும் கேட்கவில்லை. 2024-25 நிதியாண்டில் இந்தியாவின் மின்னணு ஏற்றுமதியில் 41 சதவீதம் தமிழ்நாட்டில் இருந்து போயிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் நம் பெண்கள் பூட்டிய போன் வெளிநாட்டுக்காரருக்கு உத்தரவாதத்தோடு போய்ச் சேருகிறது. நம் ஊர்ப் பெண் எஸ்டிமேட் சீட்டோடு வீடு வந்து சேருகிறாள். இதற்கு மத்திய அரசு மட்டுமல்ல, ஏற்றுமதிக் கணக்கை மேடைதோறும் சொல்கிற மாநில அரசும் வெட்கப்பட வேண்டும்.

எதிர்க்கருத்துகள் எனக்குத் தெரியாதவை அல்ல. தேதி போட்டால் விலை ஏறும் என்கிறார்கள் நிறுவனத்தார். கையில் இருக்கும் தகவலை அச்சிட மை செலவுதான் ஆகும். ஆன்லைன் வியாபாரம் எங்களைக் கொல்கிறது, பழைய சரக்கை நாங்கள் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்கிறார்கள் கடைக்காரர்கள். கூலிக்காரப் பெண்ணின் தலையில் கொட்டக் கூடாது, அதுதான் பதில். வாங்குகிறவர்தான் விழிப்போடு இருக்க வேண்டும் என்று பேசும் பொருளாதார நிபுணர்கள், மாலை ஆறு மணிக்கு மலையில் இருந்து இறங்கி வருகிறவளிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். பழுதுநீக்கத் தரக் குறியீடு வரப்போகிறதே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். மென்பொருள் புதுப்பிப்பையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்து, அதற்காக அரசு அமைத்த குழு 2025 மே மாதமே அறிக்கை கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு நவம்பரில் செயலிக்கு 90 நாள் கெடு விதிக்க நேரம் இருந்ததே.

அக்காள் கடைசியில் என்ன செய்தாள்? கடைக்காரன் திரும்ப எடுக்கவில்லை. சில மாதம் கழித்து, சாம்சங் கேலக்ஸி எஃப்06 5ஜி வாங்கினாள். 2025 பிப்ரவரியில் பத்தாயிரத்தை ஒட்டிய விலையில் வந்த மாடல். நான்கு ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாக நிறுவனமே அறிவித்திருக்கிறது. வேகம் கூடுதல், ஆயுள் கூடுதல், விலை குறைவு. அவள் முதல் முறை கடைக்குப் போன அன்றும் இது சந்தையில் இருந்தது. இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் 2023 என்றும் மற்றதில் 2029 என்றும் எழுதியிருந்தால் எதை எடுப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் போனுக்கு எடுத்த குழுக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, புதுப்பிப்பு முடியும் மாதமும் ஆண்டும் எம்.ஆர்.பி. எழுத்தின் அளவிலேயே பெட்டியின் முன்பக்கம் அச்சாக வேண்டும். அந்த மாதம் தாண்டிய போனைப் புதுப் போன் என்று விற்பது, காலாவதியான விதையை விற்பதற்கு நிகரான குற்றமாக வேண்டும். முத்திரை ஆய்வாளர் கடை கடையாக ஏற வேண்டும். இதைச் செய்தால் ஒரே ஆண்டில் பழைய சரக்கு மோசடி தமிழ்நாட்டில் ஒழிந்துவிடும். செய்யாத வரை செல்போனுக்கு 18 சதவீத வரி கேட்கும் தகுதி அரசுக்கு இல்லை.

அதுவரை, வாங்கப் போகிறவர்கள் பெட்டியின் அடியில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். செட்டிங்ஸில் பாதுகாப்புப் புதுப்பிப்புத் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். பில் தராத கடையில் வாங்காதீர்கள். ஏமாந்தால் 1915-க்கு அழையுங்கள், தேனியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் விவகாரத் துறையிடம் கேட்பது ஒன்றுதான். பெட்டியில் அந்தத் தேதியை அச்சிட வைக்கப் புதுச் சட்டம் வேண்டியதில்லை, நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளில் ஒரு வரியைச் சேர்த்து அரசிதழில் வெளியிட்டால் போதும்.