திங்கட்கிழமை வீடியோ கால்

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை. ‘எல்டர்’, அதாவது பெரியவர் என்று அழைக்கிறார்கள். வயது என்னவோ 18, 19தான்!

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் சபையின் இளம் ஊழியர்கள் இவர்கள். எந்த ஊருக்குப் போவது என்பதை சபைதான் தீர்மானிக்கும். பிரேசில் என்றால், சில வாரம் போர்ச்சுகீசியம் படித்துவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான். பையன்களுக்கு 24 மாதம். சம்பளம் கிடையாது, பெரும்பாலும் அவர்களோ குடும்பமோதான் செலவுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

காலை 6.30-க்கு எழுந்தால் இரவு 10.30-க்குத்தான் படுக்கை. நடுவில் படிப்பு, தெருத்தெருவாக நடை, முகத்துக்கு நேரே சாத்தப்படும் கதவுகள். எங்கே போனாலும் கூடவே இன்னொரு ஊழியர். பிடிக்கிறதோ இல்லையோ, தனியாகப் போகக் கூடாது. காதலா? மூச்!

வாரத்தில் ஒருநாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்க, மளிகை வாங்க, வீட்டோடு பேச. முன்பெல்லாம் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் போன்; மற்றபடி கடிதமும் இமெயிலும். வாராவாரம் பேசலாம், வீடியோ காலிலும் பார்க்கலாம் என்று சபை அனுமதித்தது 2019 பிப்ரவரியில்தான். ரொம்பத் தாமதம். ‘நன்றாக இருக்கிறேன்’ என்று இமெயிலில் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். பிள்ளை இளைத்திருக்கிறானா, ராத்திரி அழுதானா என்பதை முகத்தைப் பார்த்தால்தானே அம்மாவுக்குத் தெரியும்?

“சாப்பிட்டியா?” என்று ஆரம்பித்த பேச்சு முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மறுபடி டை, மறுபடி தெரு. அடுத்த திங்கள் வர இன்னும் ஏழு நாள்.