விழுந்தவன் பெயர் என்ன?

வெள்ளித்திரையிலே வீரன் ஒருவன் மூன்றாம் மாடியிலிருந்து குதிக்கிறான். கொட்டகை அதிர்கிறது, சீழ்க்கை பறக்கிறது, கிழித்த காகிதம் பூமாரியாகப் பொழிகிறது. கொட்டகை வாசலிலே அந்த வீரனுக்கு நாற்பதடி உயரத்தில் உருவம் எழுப்பி, குடம் குடமாகப் பால் ஊற்றுகிறார்கள். கல்லுக்குப் பால் ஊற்றுவது மடமை என்று மேடையேறி முழங்கும் வாலிபர்களிலேயே சிலர், அட்டைக்குப் பால் ஊற்ற ஏணியில் ஏறுகிறார்கள்! அவர்களை நோக்கி ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம்: குதித்தவன் யார்?

மாலை சூட்டிக்கொண்டவன் குதிக்கவில்லை. குதித்தவனுக்கு மாலை இல்லை. என்றேனும் அவன்மீது மாலை விழுந்ததென்றால், அது அவன் பிணத்தின்மீது விழுந்த மாலையாகத்தான் இருக்கும்!

குதித்தவனுக்குத் திரையுலகம் சூட்டியிருக்கும் பெயர் ‘டூப்’. தெருவிலே அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? போலி, பொய், ஏமாற்று. என்னே விந்தை! எலும்பு முறிய உண்மையாகவே விழுந்தவன் போலி. விழாமலே விழுந்ததாகக் காட்டிக்கொண்டவன் அசல்! உழைத்தவனை இழிந்தவனென்றும், உண்டவனை உயர்ந்தவனென்றும் ஊரை நம்பவைத்த பழைய சாத்திரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அது ஓலையில் எழுதப்பட்டது. இது பிலிமில் எழுதப்பட்டது. அவ்வளவே.

நாங்கள் ஏட்டில் படித்துவிட்டு எழுதவில்லை. கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் ஆண்டுக்கணக்கில் துணை நடிகர்களாக அலைந்தவர்கள் நாங்கள். பிறருக்காக நின்றவர்கள், பிறருக்காக நனைந்தவர்கள், பிறருக்காக உருண்டவர்கள்.

முதலில் எங்களுக்கு ‘எக்ஸ்ட்ரா’ என்று பெயர். மிகை என்று பொருள். வேண்டாதது என்றும் கொள்ளலாம். பின்னர் ‘துணை நடிகர்’ என்றார்கள். பெயர் உயர்ந்தது, பிழைப்பு உயரவில்லை. விடியுமுன் தேநீர்க் கடை வாசலில் நிற்போம். ஏஜெண்ட் வருவார். சந்தையிலே மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் முகத்தைப் பார்ப்பார். ‘ரிச்’ முகம் ஒருபுறம், ஏழை முகம் மறுபுறம். தோல் சிவப்பாக இருந்தால் கோட்டு மாட்டிக்கொண்டு, திருமண வரவேற்பில் குளிர்பானக் குவளையோடு நிற்கலாம். கூலியும் சற்றே கூடுதல். தோல் கறுப்பாக இருந்தால் மூட்டை தூக்கலாம், அடியாளாகி அடி வாங்கலாம், வெள்ளத்தில் வீடிழந்து விம்மலாம். கறுத்த மக்கள் வாழும் நாட்டிலே, கறுப்புக்குக் குறைந்த கூலி!

சரித்திரக் கதை என்றால் எங்கள் பாடு கொண்டாட்டம். காலையில் சோழப் படையில் நின்று பாண்டியனை வென்றோம். பிற்பகலில் தலைப்பாகையை மாற்றிக்கொண்டு, பாண்டியப் படையில் நின்று தோற்றோம். மாலையில் இரு படைகளின் பிணங்களாகவும் நாங்களே கிடந்தோம். பிணமாகக் கிடப்பதற்குத் தனிக் கூலி கிடையாது; ஆனால் பிணம் தும்மினால் வசை உண்டு! ஐம்பது முகங்களுக்கு ஒரே பஞ்சால் அரிதாரம். நேற்று ஒருவன் உடுத்திய வியர்வை காயாத உடை இன்று எங்களுக்கு. ஒருநாள், சாதி பேதம் கூடாது, சமபந்தியில் அமர்வோம் என்று கதாநாயகர் கண்ணீர் மல்க வசனம் பேசிய காட்சி. நாங்கள் கைதட்டும் கூட்டம். காட்சி முடிந்து சாப்பாட்டு மணி அடித்தது. அவருக்கு வேறு பந்தி. எங்களுக்கு வேறு பந்தி!

மற்றொரு வேலையும் பார்த்தோம் – நடிகர் வரும்வரை அவர் இடத்தில் நிற்கும் வேலை. விளக்குகளைச் சரிபார்க்க ஓர் உடல் வேண்டுமே! அந்தக் காலத்து விளக்குகளின் அனலில் ஒரு மணி நேரம் நின்றதுண்டு. எல்லாம் சரியானபின் அவர் குடைநிழலில் வந்து, இரண்டு நிமிடம் நின்று, திரும்புவார். இரட்டை வேடப் படமென்றால் எங்கள் முதுகுக்கும் வேலை. 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரு வேடம் தாங்கிய காலந்தொட்டு அந்த வித்தைக்குத் தமிழ்நாட்டிலே தனி மோகம். காமிராவின் கண்ணைப் பாதி மறைத்து, அதே பிலிமை இருமுறை ஓட்டி, ஒருவரையே இருவராக்கிக் காட்டுவார்கள். ஆனால் அண்ணனும் தம்பியும் தழுவிக்கொள்ளும்போது அந்தத் தந்திரம் செல்லாது. அங்கே இரண்டு உடல்கள் வேண்டும். கொட்டகையிலே தாய்மார்கள் கண்ணீர் உகுத்தார்களே, அந்தத் தழுவலில் தெரிந்த முதுகு எங்களைப் போன்றவர்களின் முதுகு!

பெண்களின் நிலை இன்னும் கொடிது. கதாநாயகி குதிரையிலிருந்து விழவேண்டுமென்றால், ஆண் ஒருவனுக்குச் சேலை கட்டி, சவுரி முடி வைத்துத் தள்ளிவிடுவது நெடுங்கால வழக்கம். ஆபத்தான வேலை செய்யவும் பெண்ணுக்கு உரிமையில்லை! அந்த வேலியைத் தாண்டியவர் பம்பாயைச் சேர்ந்த ரேஷ்மா பட்டான். 1975-இல் வந்த ‘ஷோலே’ படத்தில் ஹேமமாலினிக்காகக் குதிரை வண்டிக் காட்சியில் உயிரைப் பணயம் வைத்தவர் அவர். ‘ஷோலே’யின் வசனங்களை மனப்பாடமாக ஒப்பிப்போர் கோடி; ரேஷ்மாவின் பெயர் அறிந்தோர் எத்தனை பேர்?

பெயர் போனால் போகட்டும், உயிராவது மிஞ்சுகிறதா? 2016 நவம்பரில் பெங்களூருக்கு அருகே திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில், கன்னடப் படம் ஒன்றுக்காக ஹெலிகாப்டரிலிருந்து மூவர் குதித்தனர். கதாநாயகர் பிழைத்தார்; சண்டை நடிகர் இருவர் மூழ்கி மாண்டனர். 2020 பிப்ரவரி 19 அன்று சென்னைக்கு அருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து, திரைக்குப் பின்னால் உழைத்த மூவர் மடிந்தனர். 2024 ஜூலையில் சென்னையில் சண்டை நடிகர் ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். 2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில், காரைப் பாயவிட்டுக் கவிழ்க்கும் காட்சியில் மற்றொருவர் உயிர் நீத்தார். ஒவ்வொரு முறையும் இரங்கல் அறிக்கை வந்தது. ஒவ்வொரு முறையும் படப்பிடிப்புத் தொடர்ந்தது.

இந்தச் சாவுகளைத் தடுக்கத் திரையுலகம் என்ன செய்கிறது? பூசை போடுகிறது! காமிராவுக்குக் கற்பூரம், சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம், கண்ணேறு கழியப் பூசணிக்காய். நாங்கள் நின்ற தளங்களிலே பூசணிக்காய் இல்லாத நாளைக் கண்டதில்லை. மருத்துவர் இருந்த நாளையும் கண்டதில்லை. கயிற்றின் தரத்தைச் சோதிப்பவன் இல்லை. தேங்காயின் தரத்தைச் சோதிக்க ஆளுண்டு! எலுமிச்சம்பழம் காரைத் தடுக்குமென்றால் பிரேக் எதற்கு? விபத்து நேர்ந்தபின் ‘விதி’ என்கிறார்கள். விதியன்று, தோழர்களே! மெத்தைக்கும் கயிற்றுக்கும் ஒத்திகைக்கும் மருத்துவ ஊர்திக்கும் செலவழிக்கவேண்டிய பணத்தை மிச்சம் பிடித்தவனின் கணக்கு அது. அந்தக் கணக்குக்கு ஆண்டவன் பெயரை எழுதிவிடுகிறார்கள்!

“விரும்பித்தானே வந்தார்கள்?” என்று கேட்போர் உண்டு. பசிக்கு விருப்பமென்று பெயரிட்ட புலவர் எவரோ!

“சிறு வேடத்தில் தொடங்கியவர்கள் சிகரம் ஏறவில்லையா?” என்போரும் உண்டு. ஏறினார்கள். 1936-இல் ‘சதி லீலாவதி’யில் சிறு வேடத்தில் தோன்றிய எம்.ஜி.ஆர்., 1947-இல் ‘ராஜகுமாரி’யில் கதாநாயகனானார். பதினோராண்டுப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது, போற்றுகிறோம். ஆனால் ஒருவர் ஏணியில் ஏறிவிட்டார் என்பது, ஏணியைத் தோளில் தாங்கி நிற்பவர்களுக்குக் கூலி கொடுக்காமலிருக்க நியாயமாகுமா? ஏறியவரின் கதையைச் சொல்லியே எங்களைத் தாங்க வைத்தார்கள்!

“சட்டம் இருக்கிறதே” என்பார் சிலர். 1981-இல் நாடாளுமன்றம் திரைப்படத் தொழிலாளர்களுக்கெனச் சட்டம் இயற்றியது. எழுத்து மூலமான ஒப்பந்தமின்றி வேலை வாங்கக்கூடாது என்றது. 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. நாங்கள் உழைத்த ஆண்டுகளில் அந்த ஒப்பந்தத் தாளைக் கண்ணால் கண்டதில்லை. கையெழுத்திட்டதுண்டு – ஏஜெண்டின் நோட்டுப் புத்தகத்தில், தரகு போக மிஞ்சிய தொகைக்கு!

விருது மண்டபங்களின் கதை என்ன? இந்திய அரசின் தேசிய விருதுகள் 1954-இல் தொடங்கின. சண்டைக் காட்சி அமைப்புக்கு முதல் விருது 2017-இல்தான் வழங்கப்பட்டது. அமெரிக்காவிலே ஆஸ்கார் விருது 1929-இல் தொடங்கியது. அங்கே சண்டைக் காட்சி அமைப்புக்கென ஒரு விருது உண்டென்று 2025-இல் அறிவித்தார்கள். கொடுக்கப்போவது 2028-இல், நூறாவது விழாவில்! அதுவும் காட்சியை வகுத்தவருக்கு. விழுந்தவனின் முறை எந்த நூற்றாண்டிலோ!

இப்போது புதிய ஆபத்து ஒன்று வாசலில் நிற்கிறது. துணை நடிகனின் முகத்தையும் உடலையும் ஒருமுறை கணிப்பொறிக்குள் ஏற்றிவிட்டால், பிறகு அவனை அழைக்காமலே ஆயிரம் காட்சிகளில் நிறுத்தலாம். ஒருநாள் கூலிக்கு ஆயுள் முழுவதற்கும் முகத்தை எழுதி வாங்கும் அடிமைச் சாசனம் அது! அமெரிக்க நடிகர் சங்கத்தினர் 2023-இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. ஒப்புதலின்றி உருவத்தைப் பயன்படுத்தக்கூடாது, பயன்படுத்தினால் ஊதியம் தரவேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள். புகழ்பெற்ற நடிகர்களும் பெயர் தெரியாதவர்களும் ஒரே வரிசையில் நின்று பதாகை பிடித்ததால் வந்த வெற்றி அது. இங்கே அந்த வரிசை எங்கே?

எங்கள் கோரிக்கைகள் மலையைப் பெயர்க்கச் சொல்பவை அல்ல. விழுந்தவன் பெயர் திரையில் வரட்டும் – கூட்டத்தோடு கூட்டமாக ஓடிமறையும் எழுத்தில் அல்ல, படிக்கக்கூடிய எழுத்தில். ஒப்பந்தம் கையில் கிடைக்கட்டும். ஆபத்தான காட்சி எடுக்கும் தளத்தில் மருத்துவரும் ஊர்தியும் நிற்காவிட்டால் காமிரா சுழலக்கூடாது. காப்பீட்டுச் சீட்டு முதலில், கற்பூரம் பிறகு – கற்பூரம் இல்லாவிட்டாலும் குற்றமில்லை! உருவத்தைக் கணிப்பொறியில் ஏற்றினால், எத்தனை முறை காட்டுகிறார்களோ அத்தனை முறை கூலி.

வாலிபத் தோழர்களே! இந்தக் கோரிக்கைகளை நாங்கள் மட்டும் எழுப்பினால் ஏஜெண்டின் பட்டியலிலிருந்து எங்கள் பெயர் மறையும். அடுத்த நாள் அடுப்பு எரியாது. நீங்கள் எழுப்பினால் எவரும் உங்களைப் பட்டினி போட முடியாது. ஏனெனில் சீட்டு வாங்குவோர் நீங்கள், அவர்களுக்குச் சோறு போடுவோர் நீங்கள். உங்கள் ஊர் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, நீங்கள் போற்றும் நடிகருக்கே அனுப்புங்கள். “உமக்காக விழுந்தவர் பெயரைச் சொல்லும், அவருக்குக் காப்பீடு உண்டா என்று சொல்லும்” என்று கேளுங்கள். பாலுக்கென்று திரட்டிய பணம் அஞ்சல் செலவுக்குத் தாராளமாகப் போதும்!