நடுங்குவது வீரம் இல்லை கண்ணு

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று சிரித்தாலும் பரவாயில்லை, முழுக்கப் படியுங்கள்.

ஸ்காட்லாந்தில் படிக்கும் என் தங்கை மகள், போன வாரம் கடலுக்கடியில் நீந்திவிட்டு வந்த படத்தைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். தண்ணீர் 7 டிகிரியாம். 20 மீட்டர் ஆழமாம். வாடகைக்கு எடுத்த 5 மில்லிமீட்டர் வெட்சூட். உதடு நாவல்பழ நிறத்தில் இருக்கிறது. கரையேறிய பிறகு பெல்ட் கொக்கியைக் கழற்ற விரல் வளையவில்லை, கூட வந்தவர்தான் கழற்றிவிட்டார் என்று அவளே சிரித்துக்கொண்டு எழுதியிருந்தாள். "நம்ம ஊர் ரத்தம் பெரியம்மா, தாங்கிடுச்சு" என்று வேறு. அதற்குக் கீழே நம் ஆட்கள் போட்ட கைதட்டல் பொம்மைகளை எண்ணினேன், முப்பதுக்கு மேல்.

நான் கைதட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த நீச்சல் கிணற்று நீச்சல். ஆனால் ஏழாம் வகுப்புக்கு வெப்பக் கடத்தல் பாடம் பல வருஷம் நடத்தியவள். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நம் ஊர்க் கிணற்றிலேயே இரண்டு மணி நேரம் கிடந்தால் பல் கிட்டித்துப்போகுமே, மறந்துவிட்டதா? வெட்சூட்டில் நம்மைக் காப்பது அந்த நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் சின்னச் சின்ன வாயுக் குமிழ்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. குமிழ் நசுங்கும், உடை மெலியும். மேலே போர்வையாக இருந்தது கீழே போனதும் பழைய துண்டாகிவிடும். குளிர் அதிகமாக இருக்கும் இடத்தில்தான் காப்பும் குறைகிறது.

"அந்தக் காலத்தில் சூட்டா போட்டார்கள்" என்று ஒரு மாமா கேட்டிருந்தார். நல்ல கேள்வி. தென்கொரியாவின் ஜெஜு தீவில் ஹேன்யோ என்ற பெண்கள், சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி முங்கிச் சிப்பியும் பாசியும் எடுப்பவர்கள். சுமார் 10 டிகிரித் தண்ணீரில் குளிர்காலத்திலும் பருத்தித் துணியோடு இறங்கினார்கள். 1960களில் விஞ்ஞானிகள் அளந்து பார்த்து அசந்துபோனார்கள். குளிர்காலத்தில் அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போதே கூடுதல் வெப்பம் உண்டாக்கியது. மற்றவர்களுக்கு நடுக்கம் வரும் குளிர் அவர்களுக்கு வரவில்லை. சரி, 1970களில் ரப்பர் சூட் வந்ததும் அந்த வீராங்கனைகள் என்ன செய்தார்கள்? போட்டுக்கொண்டார்கள்! முன்னைவிட அதிக நேரம் தண்ணீரில் வேலை செய்ய முடிந்தது. சில வருஷத்தில் உடம்பின் அந்தப் பழக்கமும் மறைந்துபோனது. வருஷக்கணக்கில் பழகியவர்களே சூட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். நீ போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை கண்ணு.

இதில் எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாரணியர் முகாமுக்கு ஊட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன், டிசம்பரில். மழையில் நனைந்த ஒரு பெண் நடுங்கிக்கொண்டே நின்றாள். "கொஞ்சம் தாங்கிக்கோ, சாரணிதானே நீ" என்றேன். சற்று நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. பழகிவிட்டது என்று நானே நினைத்துக்கொண்டேன். பெயரைக் கேட்டால் குழறினாள். சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னால் விரல் தடுமாறியது. சமையற்கார அம்மாதான் ஓடிவந்து ஈரத்துணியை உருவி, கம்பளியில் சுருட்டி, தன் மடியில் போட்டுக்கொண்டார். அவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. தரையிலேயே இப்படி. 20 மீட்டர் ஆழத்தில் விரல் தடுமாறினால், புத்தி மந்தமானால், அங்கே மடி ஏது?

அதனால் கண்ணு, ட்ரைசூட் எடு. தண்ணீரே உள்ளே வராது. உள்ளே கம்பளி போடு. பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். அந்த சூட்டுக்குள் காற்றை விட்டு எடுக்கத் தனிப் பயிற்சி வேண்டும், அதை முடித்துவிட்டு இறங்கு. தலைக்கு ரப்பர் தொப்பி, கைக்கு உறை. நடுக்கம் ஆரம்பித்தால் அன்றைய நீச்சல் முடிந்தது, மேலே வா. ஆனால் கரையேறியதும் கொதிக்கும் ஷவரில் போய் நிற்காதே. உடம்பு சட்டென்று சூடானால் ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழாகலாம். காய்ந்த துணி, கம்பளி, சூடான டீ, அவ்வளவுதான். குளிர்த் தண்ணீரில் சிறுநீர் அடிக்கடி வரும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இறங்குவார்களாம். கழிப்பறை இல்லாத பள்ளிகளில் என் மாணவிகள் செய்ததும் இதேதானே!

சூட் விலை அதிகம் என்கிறாள். கம்மலுக்கு என்று எடுத்து வைத்த பணத்தை அனுப்பச் சொல்லி அவள் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன். கைதட்டிய முப்பது பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் தொப்பியும் கையுறையும் வந்துவிடும்.

ஊட்டிக்கு வந்த அந்தப் பெண்ணும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பெயர் எழுதவில்லை அம்மா. ஒரு தடவை போன் பண்ணு.